குப்பை மேட்டிலிருந்து கலாசாலை வரை: நியூ ஹம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் சக்தி மூலம் பற்றிய வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுள் ஒன்றான நியூ ஹம்ப்ஷயரில், 2009ஆம் ஆண்டில், ரொச்செஸ்ரர் நகரிலுள்ள பெருங் குப்பைத் தளம் ஒன்றிலிருந்து டர்ஹம் என்னும் சிற்றூரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 12.7 மைல் நீளமான குழாய்வழி ஒன்று இயங்கத் தொடங்கியது. குப்பை உக்கும்போது பிறக்கும் வாயுவை அக்குழாய் கொண்டு சென்றது. வளாகத்துக்குத் தேவையான மின்சாரத்திலும் வெப்பத்திலும் 85 வீதம் வரை அவ்வாயுவினாலேயே பெறப்படும் என அறிவிக்கப்பட்டது. குப்பை வாயுவைத் தனது முதன்மையான எரிபொருளாகக் கொண்ட முதலாவது அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்னும் பெயரும் அதற்குக் கிட்டியது.

இதனை ஒரு பொறியியற் சாதனையாகவும் சூழல் பேணும் முன்மாதிரியாகவும் எடுத்துரைப்போர் பலர். அவ்வுரையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், தொழில்நுட்பம் எதுவும் வெற்றிடத்தில் தோன்றுவதன்று. அதனைத் தேவையாக்கிய சமூகம் எது, அதனை இயலச் செய்த சட்டமும் சந்தையும் எவை, அதன் பயனைப் பெறுவோர் யாவர், அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் ஆகிய வினாக்களை எழுப்பாது அதனை விளங்கிக்கொள்ளல் இயலாது. மேற்கூறிய குழாய்வழியின் வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சதுப்பு வாயுவிலிருந்து குப்பை வாயு வரை

1776ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா, மஜோரே ஏரிக்கரையின் சேற்றைக் கிளறி, அதிலிருந்து குமிழியிட்டெழுந்த வாயுவைச் சேகரித்து அது எரியுந் தன்மையது எனக் காட்டினார். பின்னர் மெதேன் எனப் பெயர் பெற்ற வாயு இதுவேயாகும். ஒட்சிசன் புகாத இடத்தில் சேதனப் பொருள்களை நுண்ணங்கிகள் சிதைக்கும்போது இது உண்டாகிறது. 1895ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் டொனால்ட் கமரன் என்னும் பொறியியலாளர் தாம் அமைத்த கழிவுநீர்த் தொட்டியின் வாயுவை விளக்கெரிக்கப் பயன்படுத்தினார். கழிவு எரிபொருளாகலாம் என்னும் கருத்து, ஆகவே, புதியதொன்றன்று.

புதியதாக அமைந்தது கழிவின் அளவும் அதனைப் புதைக்கும் முறையுமாகும். 1937ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ நகரில் ஜீன் வின்சென்ஸ் என்பார் குழிகளை வெட்டி, குப்பையை அவற்றிலிட்டு அமுக்கி, நாள்தோறும் மண்ணால் மூடும் முறையை நடைமுறைப்படுத்தினார். ஈக்களையும் எலிகளையும் தீயையும் கட்டுப்படுத்தியமையால் அம்முறை சுகாதார நிலநிரப்பு எனப் புகழ்பெற்றுப் பிற நகரங்களுக்கும் பரவியது. ஆயின் மண்ணால் மூடப்பட்ட குப்பைக்குள் காற்றுப் புகுவதில்லை. காற்றுப் புகாத உணவுக் கழிவும் கடதாசியும் இலைகுழையும் மெதேனாக மாறுகின்றன. மேற்பரப்பின் சீர்கேட்டை நீக்கிய அதே முறை, நிலத்தடியில் வேறொரு சீர்கேட்டைத் தோற்றுவித்தது. பிரெஸ்னோத் தளம் 1987இல் மூடப்பட்டது. 1989இல் அது மத்திய அரசினால் துப்புரவாக்கப்பட வேண்டிய அபாயகரமான நிலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2001இல் அதே நிலம் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரே நிலம் சாதனைச் சின்னமாகவும் அபாயப் பகுதியாகவும் ஒருங்கே பதிவு பெற்றமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பொருளாதாரம் நுகர்வின் பெருக்கத்தையே தன் இயக்கவிசையாகக் கொண்டது. ஒருமுறை பாவித்து வீசும் பொதிகளும், பழுது பார்ப்பதிலும் புதிது வாங்குவதே மலிவாகும்படி செய்யப்பட்ட பண்டங்களும் பெருகின. நியூயோர்க் நகரின் பிரெஷ் கில்ஸ் தளம் 1948இல் திறக்கப்பட்டு 2001 வரை குப்பையைப் பெற்றுப் பெருமலைகளாக வளர்ந்தது. குப்பை வாயு என்பது இயற்கை தந்த கொடையன்று. ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறையின், ஒரு குறிப்பிட்ட வாழ்க்கை முறையின் எச்சமே அதுவாகும்.

2. விபத்தும் சட்டமும் சந்தையும்

குப்பை வாயுவில் ஏறத்தாழ அரைப்பங்கு மெதேனும் அரைப்பங்கு காபனீரொட்சைட்டும் உள்ளன. மிகச் சிறிதளவில் வேறு பல சேர்மங்களும் உள்ளன. காற்றில் 5 தொடக்கம் 15 வீதம் வரை மெதேன் கலந்திருக்கையில் ஒரு பொறி போதும், அது வெடிக்கும். 1969ஆம் ஆண்டில் வட கரோலைனா மாநிலத்தின் வின்ஸ்ரன்-சேலம் நகரில், அயலிலிருந்த குப்பைத் தளத்தின் வாயு மண்ணினூடே ஊடுருவிப் படைக்கலக் கட்டடமொன்றின் நிலவறையை அடைந்தது. அங்கு நிகழ்ந்த வெடிப்பில் மூவர் உயிரிழந்தனர். 1986ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி இங்கிலாந்தின் லொஸ்கோ கிராமத்தில், வளிமண்டல அமுக்கம் சடுதியாக வீழ்ந்த வேளையில், மூடப்பட்ட குப்பைத் தளமொன்றின் வாயு வீடொன்றினுட் புகுந்து அதனைத் தகர்த்தது. வீட்டிலிருந்த மூவர் காயமுற்றனர்.

குப்பை வாயுவைக் குழாயிட்டு உறிஞ்சும் முயற்சி, ஆகவே, சக்தி ஆர்வத்தால் மட்டும் தோன்றியதன்று. அயலிலுள்ள வீடுகளைக் காக்கும் தேவையும் அதன் பின்னணியில் இருந்தது. அவ்வாறு உறிஞ்சிய வாயுவை வெறுமனே கொளுத்திவிடும் தளங்கள் இன்றும் பலவுள. அதனை விலைப்பொருளாக்கும் எண்ணம் வலுப்பெற்றது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னரேயாம். 1975இல் கலிபோர்ணியாவின் பாலோஸ் வேர்டெஸ் தளத்தில் குப்பை வாயுவைச் சுத்திகரித்து விற்கும் திட்டம் ஆரம்பமாயிற்று. 1978ஆம் ஆண்டின் சட்டமொன்று சிறு உற்பத்தியாளரின் மின்சாரத்தைப் பெரு மின் நிறுவனங்கள் வாங்கவேண்டும் என விதித்தது. 1980இல் வழமையல்லா எரிபொருள்களுக்கு வரிச் சலுகை வழங்கப்பட்டது. குப்பை வாயுவும் அதனுள் அடங்கிற்று. 1991இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள் தளங்களின் அடித்தளத்துக்குக் காப்புப்படை இடுவதைக் கட்டாயமாக்கின. 1996இல் பெருந்தளங்கள் தம் வாயுவைச் சேகரித்தல் வேண்டும் எனச் சட்டமாயிற்று.

இவ்விதிகள் மக்கள் நலனுக்கு அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை எதிர்பாராத விளைவொன்றையும் கொண்டிருந்தன. செலவு மிகுந்த விதிகளை நிறைவேற்ற இயலாத சிறு நகரத் தளங்கள் மூடப்பட்டன. குப்பை, பெருநிறுவனங்கள் நடத்திய பெருந்தளங்களை நோக்கித் திரும்பியது. இதற்கு முன்பே, 1978இல், பிலடெல்பியா நகருக்கும் நியூ ஜேர்சி மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அயல் மாநிலக் குப்பையைத் தடுப்பது மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைத் தடுப்பதாகும் எனத் தீர்ப்பளித்திருந்தது. குப்பையும் சட்டத்தின் பார்வையில் வணிகப் பண்டமாயிற்று. ஒரு மாநிலத்தில் வீசப்படுவது பிறிதொரு மாநிலத்தில் புதைக்கப்படலாம். புதைப்பதற்குக் கட்டணம் பெறலாம். புதைத்ததிலிருந்து எழும் வாயுவை மீண்டும் விற்கலாம். ரொச்செஸ்ரரில் வேஸ்ட் மனேஜ்மன்ட் நிறுவனம் நடத்தும் தளம் இத்தகைய பெருந்தளங்களுள் ஒன்றாகும். நியூ ஹம்ப்ஷயரின் குப்பை மட்டுமன்றி மசாசுசெற்ஸ் முதலிய அயல் மாநிலங்களின் குப்பையும் அங்கு வந்து சேர்ந்தது.

3. மறுக்கும் உரிமை: 1974உம் 1977உம்

குழாயின் மறுமுனையிலுள்ள டர்ஹத்தின் வரலாற்றை இனி நோக்குவோம். 1866இல் வேளாண்மைக் கல்லூரியாக வேறோர் ஊரில் நிறுவப்பட்ட கலாசாலை, பெஞ்சமின் தொம்சன் என்னும் விவசாயி மரண சாசனத்தின் மூலம் விட்டுச்சென்ற சொத்தின் பயனாக 1893இல் டர்ஹத்துக்கு இடம்பெயர்ந்தது, 1923இல் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வூர் கிரேற் பே என்னும் கழிமுகத்தின் அருகே அமைந்தது.

1973ஆம் ஆண்டின் இறுதியில், கப்பற் கோடீஸ்வரரான அரிஸ்ரோட்டில் ஒனாசிஸின் நிறுவனம் அக்கழிமுகக் கரையில் நாளொன்றுக்கு நான்கு இலட்சம் பீப்பாய் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையொன்றை அமைக்க முனைந்தமை வெளிப்பட்டது. நிலம் வாங்கும் வேலை அதற்கு முன்னரே இரகசியமாக நடந்தேறியிருந்தது. எண்ணெய் நெருக்கடியின் உச்சக் காலம் அது. மாநில ஆளுநர் மெல்ட்ரிம் தொம்சன் திட்டத்தை ஆதரித்தார். மாநிலத்தின் செல்வாக்கு மிக்க நாளிதழும் அதனை ஆதரித்தது. எதிர்ப்பு, பெரும்பாலும் பெண்களின் முன்முயற்சியாலேயே உருவாயிற்று. நான்சி சான்பேர்க் ஊர் மக்களை அணிதிரட்டினார். பிலிஸ் பெனெற் தமது சிறு பத்திரிகையில் செய்தியை வெளிக்கொணர்ந்தார். சட்டமன்ற உறுப்பினர் டட்லி டட்லி ஊரின் தீர்மானிக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் முன்வைத்தார். 1974 மார்ச்சில் நடைபெற்ற ஊர்க் கூட்டத்தில் 1,254 பேர் எதிர்த்தும் 144 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர். ஊரின் முடிவை மேலிருந்து மாற்றும் முயற்சியைச் சட்டமன்றமும் நிராகரித்தது. ஆலை எழவில்லை.

மூன்றாண்டுகளின் பின்னர் அதே கடற்கரையோரத்தின் சீபுரூக்கில் அணுமின் நிலையத்துக்கெதிராக மக்கள் திரண்டனர். 1976இல் அமைக்கப்பட்ட கிளாம்ஷெல் கூட்டணியின் அறவழிப் போராட்டத்தில், 1977 மே மாதத்தின் முதலாம் நாளிலிருந்து 1,414 பேர் கைதாகினர். பலர் இரு வாரங்கள் வரை படைக்கலக் கட்டடங்களில் தடுத்துவைக்கப்பட்டனர். திட்டமிட்ட இரு உலைகளுள் ஒன்று கைவிடப்பட்டது; செலவுச் சுமையால் மின் நிறுவனம் 1988இல் முறிவுற்றது. ஆயினும் மற்றைய உலை 1990இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

இவ்விரு போராட்டங்களும் மக்களியக்க வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டியவை. அதேவேளை ஓர் உண்மையை மறத்தலாகாது. டர்ஹத்தில் சுத்திகரிப்பு ஆலை எழாமையினால் அப்பகுதி மக்கள் எண்ணெயைக் கைவிட்டாரல்லர். குளிர்காலத்தில் வீடுகளை எண்ணெயாற் சூடாக்கும் வழக்கம் நியூ இங்கிலாந்து மாநிலங்களில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணெய் வேறெங்கோ, வேறெவரோ வாழும் ஊர்களின் அருகே சுத்திகரிக்கப்பட்டது. மறுக்கும் உரிமையை நிலைநாட்டியது ஒரு வெற்றி. மறுத்த சுமை எங்கே சென்றது என்னும் வினாவோ விடையின்றி நின்றது.

எல்லா ஊர்களுக்கும் அவ்வுரிமை கிட்டவில்லை என்பதையும் அதே காலத்து வரலாறு காட்டுகிறது. ரெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரில், கறுப்பின மக்கள் வாழும் பகுதியொன்றிற் குப்பைத் தளம் அமைப்பதற்கெதிராக 1979இல் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்குக்காகச் சமூகவியலாளர் ரொபேட் புலார்ட் மேற்கொண்ட ஆய்வு, மாநகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைத் தளங்களும் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளிலேயே அமைந்திருந்ததை வெளிப்படுத்தியது. வழக்கில் மக்கள் வெல்லவில்லை. டர்ஹமும் ஹூஸ்ரனும் ஒரே நாட்டின் ஒரே தசாப்தத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் ஊர் கூடி மறுத்தது, மறுமொழி மதிக்கப்பட்டது. மற்றையதில் மக்கள் மறுத்தும் குப்பை வந்தது. சூழல் பற்றிய வினா வர்க்கத்தையும் இனத்தையும் பற்றிய வினாவாகவும் அமைவது இவ்விடத்திலேயே.

4. குழாயின் இரு முனைகள்

2006இல் நியூ ஹம்ப்ஷயர் பல்கலைக்கழகம் மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே ஆக்கும் நிலையமொன்றைத் தன் வளாகத்தில் நிறுவியது. எரிபொருளின் சக்தியில் பெரும்பங்கு சாதாரண அனல் மின் நிலையங்களில் வெப்பமாக வீணே வெளியேறுகின்றது. மின்சாரத்தை ஆக்கும் இடமும் அதனைப் பயன்படுத்தும் கட்டடங்களும் அருகருகே அமைந்தால் அவ்வெப்பத்தைக் குளிர்காலத்தில் கட்டடங்களுக்கு வழங்கலாம். மாணவர் விடுதிகளும் ஆய்வுகூடங்களும் நூலகமும் ஓரிடத்தில் நெருங்கியமைந்த பல்கலைக்கழக வளாகம் இம்முறைக்கு மிகப் பொருத்தமானது. இந்நிலையத்துக்கான எரிபொருளாகவே குப்பை வாயு தெரிவுசெய்யப்பட்டது. ரொச்செஸ்ரரிற் சுத்திகரிக்கப்பட்டு அமுக்கப்பட்ட வாயு, நிலத்தடிக் குழாயின் மூலம் வளாகத்தை வந்தடைந்தது. திட்டத்தின் செலவு ஏறத்தாழ 49 மில்லியன் டொலர்.

கலிபோர்ணியாவிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக வளாகம், 4.5 மைல் தொலைவிலிருந்த மவுண்டன்கேற் குப்பைத் தளத்தின் வாயுவைக் குழாய் வழியாகப் பெற்று இயற்கை வாயுவுடன் கலந்து எரித்தது. ஆனால் அங்கு குப்பை வாயு துணை எரிபொருளாகவே இருந்தது. டர்ஹத்தில் அது முதன்மை பெற்றது.

இத்திட்டத்தின் நன்மை மெய்யானது. நூறாண்டுக் கணிப்பில், ஒரு தொன் மெதேன் புவியைச் சூடாக்குந் திறனில் ஏறத்தாழ 28 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகும். இருபதாண்டுக் கணிப்பில் அது 80 தொன்னையும் விஞ்சும். அவ்வாயுவை எரித்துக் காபனீரொட்சைட்டாக்குவது, அதனை வளிமண்டலத்துள் விடுவதிலும் பன்மடங்கு மேலானது. வெறுமனே கொளுத்துவதற்குப் பதில் அதனால் விளக்கெரிப்பதும் மண்டபங்களைச் சூடாக்குவதும் மேலும் சிறந்தது. இதனை மறுப்போர் யாருமில்லர்.

ஆயினும் திட்டத்தின் கணக்கேட்டில் முரண்பாடுகள் பல உள. முதலாவது, சான்றிதழ் பற்றியது. திட்டச் செலவை ஈடுசெய்யும் பொருட்டுப் பல்கலைக்கழகம் தனது புதுப்பிக்கத்தக்க சக்திச் சான்றிதழ்களை விற்பதெனத் தீர்மானித்தது. பசுமைச் சக்தியின் பெயருரிமையே சான்றிதழாகிச் சந்தைக்கு வந்தது எனலாம். 2012இல் அமெரிக்க மத்திய வணிக ஆணைக்குழு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அத்தகைய சான்றிதழ்கள் யாவற்றையும் விற்றவர் தாம் புதுப்பிக்கத்தக்க சக்தியைப் பாவிப்பதாக விளம்பரம் செய்வது மயக்கமூட்டுவதாகும் எனக் கூறின. வாயு எரிவது ஓரிடம். அதன் நற்பெயர் விற்பனையாவது மற்றோரிடம். பொருளிலிருந்து அதன் பெறுமதியைப் பிரித்து வேறாக வியாபாரம் செய்யும் சந்தையின் இயல்புக்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

இரண்டாவது, கசிவு பற்றியது. உறிஞ்சுக் குழாய்கள் வாயு முழுவதையும் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் பெருந்தளங்கள் பலவற்றின் மேலாக விமானத்திலிருந்து நிகழ்த்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வொன்று, அளக்கப்பட்ட தளங்களுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் கணிசமான மெதேன் கசிவைக் கண்டது. தளங்கள் அறிக்கையிட்ட அளவுகளிலும் உண்மைக் கசிவு சராசரியில் மிகுந்திருந்ததையும் அது காட்டியது.

மூன்றாவது முரண்பாடே அடிப்படையானது. வாயுவைத் தருவது பிளாஸ்ரிக்கோ கண்ணாடியோ அன்று. உணவுக் கழிவும் கடதாசியும் இலைகுழையுமேயாகும். இவற்றைப் புதைக்காது பசளையாக்குவதே நன்று என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அயல் மாநிலமான வேர்மொன்ற், 2012இல் இயற்றிய சட்டத்தின்படி 2020 யூலையிலிருந்து உணவுக் கழிவைக் குப்பையில் இடுவதை முற்றாகத் தடைசெய்தது. மசாசுசெற்ஸ், வாரத்துக்கு ஒரு தொன்னுக்கு மேல் உணவுக் கழிவை வெளியேற்றும் நிறுவனங்களுக்கு 2014இல் அத்தடையை விதித்தது. இக்கொள்கைகள் வெற்றிபெறுமாயின் காலப்போக்கிற் குப்பை வாயு குறையும். புதிய கழிவு சேராத தளமும் ஆண்டுக்காண்டு வாயுவிற் குன்றிவரும். குப்பையைக் குறைக்கவேண்டும் எனத் தன் விரிவுரை மண்டபத்திற் கற்பிக்கும் பல்கலைக்கழகம், தன் மண்டபத்தின் விளக்கெரியக் குப்பை தொடர்ந்து வரவேண்டிய நிலையிலும் இருக்கின்றது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றைக் கொண்டு இத்திட்டத்தை நிராகரிப்பது எமது கருத்தன்று. ஏற்கெனவே புதையுண்டிருக்கும் கோடிக்கணக்கான தொன் குப்பை, நாம் விரும்பினும் விரும்பாவிடினும், இன்னும் பல தசாப்தங்களுக்கு மெதேனை வெளியேற்றியே தீரும். அதனைப் பிடித்துப் பயன்கொள்வது அறிவுடைமையாகும். கடந்த காலம் விட்டுச்சென்ற கடனைத் தீர்க்கும் வழியாக அதனைக் கொள்ளலாம். எதிர்காலத்தின் சக்தி மூலமாகக் கொள்வதே தவறு. கடன் தீர்க்கும் கருவி கடன் பெருக்கும் நியாயமாக மாறுதல் கூடாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிபு ஒன்றுண்டு. 1974இல் டர்ஹம் மக்கள் எழுப்பிய வினா, எமது ஊரில் என்ன நடக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்பதாகும். அவ்வினா எழுப்பப்பட்ட அதே ஊரின் கலாசாலை, முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், பிறிதோர் ஊரின் குப்பை மேட்டிலிருந்து தன் சக்தியைப் பெற்றது. ரொச்செஸ்ரர்த் தளத்தின் அயலில் வாழ்வோர்க்கு மணமும் பாரவண்டிகளின் இரைச்சலும் அன்றாட அனுபவம். டர்ஹத்தில் வாழ்வோர்க்கு வெதுவெதுப்பான அறைகள் அன்றாட அனுபவம். இரண்டையும் இணைக்கும் குழாய் நிலத்தடியில் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அவ்விணைப்பைப் புலப்படுத்துவது வரலாற்றாசிரியனின் கடமையாகும்.

பல்கலைக்கழகம் சமூகத்திலிருந்து விலகி நிற்கும் தீவன்று. அதன் ஒவ்வொரு விளக்கும் யாரோ ஒருவரின் உழைப்பிலும் யாரோ ஒருவரின் அயலிலும் எரிகின்றது. தன் சக்தி எங்கிருந்து வருகின்றது என்பதனை அளந்து கூறுவதுடன் அதன் பணி நிறைவுறுவதில்லை. அச்சக்தியின் மறுமுனையில் வாழும் மக்களுக்கும், ஒரு காலத்தில் டர்ஹம் மக்கள் பெற்றிருந்த அதே தீர்மானிக்கும் உரிமை உண்டா என்று கேட்பதும் அதன் பணியேயாகும். அவ்வுரிமை குழாயின் இரு முனைகளுக்கும் பொதுவாகும் நாளிலேயே, குப்பையிலிருந்து பிறந்த ஒளி எல்லோர்க்கும் உரிய ஒளியாகும்.